பினாங்கிலிருந்து பன்னிரண்டு போத்தல் பர்கண்டி

எழுதத் துணிந்ததற்கு வாசகர்கள் என்னை மன்னிக்க வேண்டும். நான் ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். சுங்கை பட்டாணிக்கு எட்டு மைல் தள்ளி ஒரு ரப்பர் தோட்டத்தில், துரை பங்களாவில் பட்லராக இருக்கிறேன். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறந்து பேச எனக்கு வராது. பினாங்கு போய்வந்தவர்கள் பத்திரிகைக்கு எழுதும் கட்டுரைகளை விடாமல் படிக்கிறேன். எல்லோரும் கொடிமலை ரயிலைப் பற்றி எழுதுகிறார்கள். நான் கொடிமலையைத் தூரத்தில் இருந்துதான் பார்த்தேன். நான் போனது வைன் வாங்க. திரும்பியது கோபத்தோடு. அது இன்னும் ஆறாததால்தான் எழுதுகிறேன்.

குடியைப் புகழ வந்தவன் என்று யாரும் நினைக்க வேண்டாம். சம்பள நாளில் எங்கள் தோட்டத்துக் கள்ளுக்கடை வாசலில் நடப்பதை நானும் பார்க்கிறவன்தான். கள்ளை நான் தொடுவதில்லை. சாராயமும் இல்லை. ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது யாருக்கும் விளங்காது.

பழைய சிவப்பு வைனில் அடியில் வண்டல் படியும். போத்தலைக் குலுக்காமல் சாய்த்து, மேலே தெளிந்ததை மட்டும் மேசைக்கு ஊற்ற வேண்டும். கடைசி இரண்டு விரல் கலங்கல் போத்தலிலேயே நின்றுவிடும். அது பட்லருக்கு என்பது இந்த நாட்டுப் பங்களாக்களில் வழக்கம். கொடுத்தேன் என்று எந்தத் துரையும் சொல்ல மாட்டார். எடுத்தேன் என்று எந்தப் பட்லரும் சொல்ல மாட்டான். நான் அதை மல்துணியில் வடிகட்டி, சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று குடிப்பேன். பதினெட்டு வருஷமாக அப்படித்தான்.

எனக்கு முன் எங்கள் பங்களாவில் இருந்த பட்லரை ஒரே நாளில் வெளியே அனுப்பினார்கள். விருந்து மேசையில் ஊற்றிய வைன் கெட்டுப்போயிருந்தது. இவன் குடித்துவிட்டு எதையோ கலந்து ஊற்றியிருக்கிறான் என்றார்கள். அன்று மாலையே அவன் டிரங்குப் பெட்டி ரோட்டோரத்தில் இருந்தது. நான் வேலைக்கு வந்தபோது பங்களா ஆயா எனக்குச் சொன்ன முதல் செய்தி அதுதான்.

செவ்வாய்க்கிழமை, காலை ஐந்தரை மணி

சனிக்கிழமை லண்டனிலிருந்து எங்கள் தோட்டக் கம்பெனிப் பெரிய துரை விருந்துக்கு வருகிறார். அதற்குப் பர்கண்டி வைன் பன்னிரண்டு போத்தல் வேண்டும். பர்கண்டி என்பது பிரெஞ்சு தேசத்தில் ஒரு சீமை. எங்கள் துரை பினாங்கு பீச் தெருவில் சீமைச் சாமான் விற்கும் கம்பெனிக்குக் கடிதம் எழுதி, உறையை ஒட்டி என் கையில் கொடுத்தார்.

“சவரிமுத்து, பதனமா கொண்டுவா. ஒண்ணு கெட்டுப் போனாலும் நீதான் ஜவாப்தாரி.”

“சரிங்க துரை.”

வைக்கோல் போட்ட மரப்பெட்டி ஒன்று, கோணிச் சாக்கு இரண்டு, துரை கொடுத்த வழிச்செலவு போக என் பணம் நாலு வெள்ளி. தோட்டத்து லோரியில் ரப்பர் ஷீட்டுக் கட்டுகளின் மேல் உட்கார்ந்து சுங்கை பட்டாணி ஸ்டேஷன் வந்தேன். படகு ஏறும் பிறை வரை மூன்றாம் வகுப்பு டிக்கெட் அறுபத்தைந்து காசு. புக்கிட் மெர்தாஜத்தில் வண்டி மாற வேண்டும்.

என் எதிரில் கச்சான் வியாபாரி ஒருவர் வறுத்த கடலைக் கூடையோடு உட்கார்ந்திருந்தார். மஞ்சள் தலைப்பாகை. பேச்சுக்கு ஆள் கிடைக்காதா என்று பார்த்துக்கொண்டே வந்தவர் என் பெட்டியைப் பிடித்துக்கொண்டார்.

“அண்ணே, பொட்டி காலியா இருக்கே. பினாங்கில என்னத்த ரொப்பப் போறீங்க?”

“துரைக்குச் சாமான்.”

“சாமான்னா?”

“வைன்.”

“அட, சீமைக் கள்ளு. நம்ம கள்ளு காலையில எறக்கினா ராத்திரிக்குள்ள புளிச்சிடுது. அது பத்து வருசம் கெடந்தாலும் ஒண்ணும் ஆவாதாமே. அப்ப அதுல உசிரே இல்லலா?”

ரயில் பெட்டியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் ஜன்னலைப் பார்த்தேன். உயிர் இருப்பதால்தான் அதைப் படுக்கவைக்கிறோம், வெயில் படாமல் வைக்கிறோம், ஆட்டாமல் தூக்குகிறோம் என்று சொல்லியிருக்கலாம். வாய்க்குள் வார்த்தை சரியாக அடுக்கி முடிப்பதற்குள் அவர் வேறு ஆளிடம் கோழி விலை பேசிக்கொண்டிருந்தார்.

பிறையில் இறங்கிப் படகுக்குப் பத்துக் காசு கொடுத்தேன். கடலைக் கடக்க அரைமணி நேரம். பினாங்குக் கரையில் இறங்கியபோது மணி பத்தரை ஆகவில்லை, அதற்குள் படகுத்துறைப் பலகை செருப்பில்லாத காலைச் சுட்டது. இந்தச் சூட்டில் வைனை எப்படிக் கொண்டுபோவது என்ற கவலை அப்போதே பிடித்தது. வாங்கியதை எங்காவது குளிர்ந்த இடத்தில் வைத்து, மறுநாள் விடியலில் படகேறுவது என்று முடிவுசெய்தேன். சுங்கை பினாங்கில் எங்கள் ஊர்க்காரர் வீடு ஒன்று இருக்கிறது. மண் தரை வீடு.

பதினொரு மணி

பீச் தெரு பெரிய தெருதான். கல் கட்டடங்கள், மோட்டார் கார்கள், ரிக்‌ஷாக்கள், மூட்டை தூக்குகிறவர்கள். நான் போன கம்பெனியின் முன்வாசலில் மின்விசிறி சுழலும், நாற்காலி போட்டிருப்பார்கள். அது துரைமாருக்கு. பட்லர்மார் பக்கத்துச் சந்து வழியாகப் பின்னால் உள்ள கிடங்குக்குப் போக வேண்டும். கிடங்குக்குத் தகரக் கூரை. உள்ளே நுழைந்ததும் வெந்நீர்ப் பானையைத் திறந்தது போல் முகத்தில் அடித்தது.

கிடங்குக் கணக்கு எழுதும் கிராணி நம்மவர்தான். வெள்ளைக் கோட்டு, கழுத்தில் டை, காதில் பென்சில். கடிதத்தைப் படித்துவிட்டு, மேற்குச் சுவர் அலமாரியைக் கைகாட்டினார். அங்கே பிராந்தி, வினிகர், சோயா போத்தல்களோடு வரிசையாக நின்றிருந்தது பர்கண்டி.

நின்றிருந்தது. வைன் போத்தல் படுத்திருக்க வேண்டும். படுத்திருந்தால்தான் தக்கை நனைந்து ஊறிக் கழுத்தை இறுக்கிப் பிடிக்கும். நின்றால் காய்ந்து சுருங்கும், காற்று உள்ளே போகும். ஒரு போத்தலை எடுத்தேன். தகரச் சுவர்ப் பக்கம் இருந்த லேபிள் பாதி வெளுத்திருந்தது. சூட்டில் வைன் பொங்கித் தக்கையை ஒரு நெல் அளவு மேலே தள்ளியிருந்தது. தக்கைக்கு மேல் சுற்றிய ஈயத் தகட்டின் கீழே பிசுபிசுப்பாக ஒரு கோடு வழிந்து காய்ந்திருந்தது. வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். சிவப்பே இல்லை. பழைய தேத்தண்ணீர் நிறம். அடுத்ததும் அப்படியே. பன்னிரண்டும் அப்படியே.

“ஐயா, இது வேண்டாங்க. படுக்க வச்ச போத்தலா பாத்துக் குடுங்க.”

“படுக்க வச்சதா? ஏன், அதுக்குக் காய்ச்சலா?”

மூட்டை தைத்துக்கொண்டிருந்த இரண்டு பேர் சிரித்தார்கள்.

“நிக்க வச்சா தக்கை காஞ்சிடுங்க. வெக்கையும் பட்டிருக்கு. உள்ள கெட்டுப்போச்சுங்க.”

“மூடியே தொறக்கல, கெட்டுப்போச்சுங்கறே. ஒனக்கு எப்படித் தெரியும்? நீ குடிச்சிருக்கியா?”

கையில் இருந்த போத்தலைத் திரும்ப அலமாரியில் வைத்தேன்.

“சொல்லுலா. குடிச்சிருக்கேன்னா சொல்லு, முன்னால இருக்கற துரைகிட்டச் சொல்லி ஒன் துரைக்கு டெலிபோன் போடச் சொல்றேன். ஒங்க வைன் ருசி எல்லாம் ஒங்க பட்லருக்கு அத்துப்படின்னு. குடிச்சதில்லன்னா வாய மூடிட்டுப் பெட்டியில அடுக்கு.”

பிறகு ஒரு காகிதத்தை நீட்டினார். நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன் என்று அதில் அச்சடித்திருந்தது. கையெழுத்துப் போட்டால் சனிக்கிழமை விருந்து மேசையில் அந்தத் தேத்தண்ணீரை ஊற்றப்போவது நான். என் டிரங்குப் பெட்டி ரோட்டோரத்தில் இருப்பதைக் கண்ணால் பார்த்தேன். கையெழுத்துப் போடாமல் இருக்க, ருசி தெரியும் என்று சொல்ல வேண்டும். சொன்னாலும் அதே பெட்டிதான், அதே ரோடுதான். இப்படிக் கேட்கலாம் என்று அந்த மனுஷனுக்கு எவ்வளவு சுலபமாகத் தோன்றியது. அவரும் எங்கள் மாதிரி சந்து வழியாக வந்து போகிறவர்தான்.

காகிதத்தைத் திருப்பி வைத்தேன்.

“ஒரு போத்தல் நான் வாங்கிக்கிறேன். என் காசுல.”

“யாருக்கு?”

“எனக்குத்தான்.”

“ரெண்டு வெள்ளி எண்பது காசு. கள்ளுக்கடைன்னு நெனச்சு வந்துட்டியா?”

மறுபடி சிரிப்பு. நான் எண்ணிக் கொடுத்தேன். என் வாழ்க்கையில் நான் காசு கொடுத்து வாங்கிய ஒரே வைன் போத்தல் அது, கெட்டது என்று தெரிந்தே வாங்கியது.

மதியம் ஒரு மணி

மாதா கோயிலுக்குப் பின்னால் உள்ள வீட்டில் வயதான பிரெஞ்சுச் சாமியார் ஒருவர் இருக்கிறார். வருஷத்துக்கு ஒருமுறை எங்கள் தோட்டத்துக்கு வந்து பூசை வைத்துத் தமிழில் பிரசங்கம் செய்வார். அன்று துரை அவரை மதியச் சாப்பாட்டுக்கு அழைப்பார். ஒருமுறை நான் ஊற்றிய வைனை முகர்ந்ததுமே அது விளைந்த கிராமத்தின் பெயரைச் சொன்னார். அவர் பிறந்தது அதற்கு அடுத்த கிராமம். எனக்கு அது நினைவிருந்தது. ரிக்‌ஷாவுக்குப் பதினைந்து காசு பேசி, போத்தலை ஈரச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு போனேன்.

சாமியார் வராந்தாவில் உட்கார்ந்து காலுறை தைத்துக்கொண்டிருந்தார்.

“சவரிமுத்துவா? பாவம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யச் சனிக்கிழமை அல்லவா வர வேண்டும்?”

“இல்லீங்க சாமி. இதப் பாக்கணும்.”

போத்தலைக் கையில் வாங்கியதும் அவர் முகம் மாறியது. லேபிளைத் தடவினார். பிறகு தக்கையைப் பார்த்தார், மறுபடி முகம் மாறியது. திறந்தார். முகர்ந்தார். ஒரு வாய் எடுத்து, வராந்தாவுக்கு வெளியே செம்பருத்திச் செடியில் துப்பினார்.

“வேகவைத்த பழம். பிறகு காடி. இது செத்து ஆறு மாதம் இருக்கும்.”

“பன்னெண்டும் இப்படித்தான் இருக்கு சாமி. அதத்தான் எடுத்துட்டுப் போகச் சொல்றாங்க.”

“இருக்கட்டும். மூடி திறக்குமுன் உமக்கு எப்படித் தெரிந்தது?”

அதே கேள்வி. காலையில் அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. இவருக்குச் சொன்னேன். வண்டலை, மல்துணியை, கதவுக்குப் பின்னால் நிற்பதை, எல்லாம். சாமியார் சிரிக்க ஆரம்பித்தார். மடியில் இருந்த காலுறை கீழே விழும் வரை சிரித்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. குருவானவரிடம் கோபப்பட்டது பாவம் என்றால் அது என் கணக்கில் இருக்கட்டும்.

“ஏன் சிரிக்கிறீங்க சாமி? அது களவா இல்லையா, அதச் சொல்லுங்க.”

அவர் சிரிப்பை நிறுத்தினார். களவு என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

“என் தகப்பன் திராட்சைத் தோட்டத்துக் கூலி. அவருக்கும் அடிக் கலங்கல்தான் கிடைத்தது. இரும், வருகிறேன்.”

மாடிப்படிக்குக் கீழே, தண்ணீர்ச் சாடிகள் வைத்த மணலில் படுக்கவைத்திருந்த போத்தல் ஒன்றை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். அந்த வீட்டில் அந்த மணல் ஒன்றுதான் குளிர்ச்சி. திறந்து, குடிக்காமல் வைத்தார். அரைமணி பொறுக்க வேண்டும் என்றார். அது எனக்கும் தெரியும். அந்த அரைமணியில் அவர் ஊரைப் பற்றிச் சொன்னார். சரிவான கல்லு நிலமாம். ஒரு மதில் சுவருக்கு இந்தப் பக்கம் விளைந்தது ஒரு ருசி, அந்தப் பக்கம் விளைந்தது வேறு ருசியாம். எங்கள் தோட்டத்தில் ஏழாம் நம்பர் மலை ரப்பர்ப் பாலும் எட்டாம் நம்பர் மலைப் பாலும் ஒரே தொட்டியில்தான் விழுகின்றன. ஒரு சுவரை வைத்து ருசி பிரிக்கிற மனிதர்கள் இருக்கிறார்கள் என்று அன்றுதான் கேள்விப்பட்டேன்.

“எங்கள் ஊரில் வெயில் ஏழை. பழம் பழுக்க அதைக் கெஞ்ச வேண்டும். அப்படிக் கெஞ்சிப் பழுத்தது, உங்கள் ஊர்த் தகரக் கூரையைத் தாங்குமா?” என்றார்.

பிறகு ஊற்றினார். மேலே தெளிந்த முதல் கிளாஸை. அதை எனக்கு நேரே நகர்த்தினார்.

“நான் நிக்கிறேன் சாமி.”

“உட்காரும். இதை நின்று குடிக்கக் கூடாது.”

உட்கார்ந்தேன். வாசகர்களுக்கு அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, தெரிந்த பொருள்களை வைத்துச் சொல்கிறேன். நிறம் நான் நினைத்ததைவிட மெலிது. கிளாஸுக்குப் பின்னால் என் விரல் தெரிந்தது. மாதுளை முத்தை வெயிலில் பிடித்தால் அப்படி இருக்கும். முகர்ந்தபோது முதலில் நாவற்பழம் போல் வந்தது. கொஞ்சம் பொறுத்துக் காய்ந்த ரோஜா. அதற்கும் கீழே, மழை விட்டபின் ரப்பர்க் காட்டில் ஈர இலை கிடக்கும் தரை. கடைசியாக வந்ததை எனக்கு உடனே அடையாளம் தெரிந்தது. பினாங்கில் பாலிக் புலாவ் பக்கம் ஜாதிக்காயைப் பிளந்து, உள்ளே இருக்கும் சிவப்புப் பத்திரியைப் பாயில் காயப்போட்டிருப்பார்கள். காற்றடிக்கும்போது ரோட்டில் போகிறவனுக்கு ஒரு மணம் வரும். அது. ஜாதிக்காய் மரமே இல்லாத சீமையில் விளைந்த பழத்துக்குள் அது எப்படி வந்தது என்று நான் அறியேன்.

வாயில் கனமே இல்லை. மெல்லிய புளிப்பு, எச்சில் ஊறவைக்கும் புளிப்பு. சாராயம் போல் எரிக்கவில்லை, கள்ளு போல் தொண்டையில் நிற்கவில்லை. விழுங்கிய பிறகுதான் அதன் வேலை ஆரம்பித்தது. வராந்தாவில் ஒரு பூனை வந்து, உட்கார்ந்து, எழுந்து போனது, அதுவரைக்கும் அந்த ருசி போகவில்லை. கசப்பு மட்டும் அதில் இல்லை.

பதினெட்டு வருஷமாக நான் குடித்த வைன் கசக்கும். தேயிலைத் தூளை மென்றது போல் நாக்கை இழுக்கும். அதுதான் அதன் குணம், பெரிய பொருள் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். கசந்தது வண்டல். வைன் இது. இதை நான் கையால் எத்தனையோ நூறு கிளாஸ் ஊற்றியிருக்கிறேன். கோழிக் கறியோடும் சுருட்டோடும், ரப்பர் விலையைத் திட்டிக்கொண்டு, முகர்ந்துகூடப் பார்க்காமல் விழுங்கியவர்களுக்கு ஊற்றியிருக்கிறேன். அப்படி நினைத்ததும் கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன்.

“பிடிக்கவில்லையா?” என்றார் சாமியார்.

“ரொம்ப நல்லா இருக்கு சாமி. அதான் கோவமா வருது.”

அவர் கம்பெனிக்கு ஒரு சீட்டு எழுதினார். வைன் கெட்டது என்று தாமே குடித்துப் பார்த்ததாக எழுதினார். “உம்முடைய நாக்கைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. பயப்பட வேண்டாம்” என்றார்.

மாலை நாலு மணி

கிராணி சீட்டை இரண்டுதரம் படித்தார்.

“சாமியார் ஒரு போத்தல்தானே குடிச்சாரு? அது ஒன் போத்தல். மத்த பதினொண்ணும் கெட்டதுன்னு அவருக்கு எப்படித் தெரியும்? ஒண்ணு மாத்தித் தரேன், எடுத்துட்டுப் போ.”

“பதினொண்ணும் ஒரே செவுத்துல நின்னதுங்க.”

“செவுரு வந்து சாட்சி சொல்லுமா?”

மூட்டை தைக்கிறவர்கள் ஊசியை நிறுத்திவிட்டு அடுத்த சிரிப்புக்குக் காத்திருந்தார்கள். பிறகு என் குரலை நானே கேட்டேன். இவ்வளவு சத்தமாக எனக்குப் பேச வரும் என்று எனக்குத் தெரியாது.

“தொறங்க. பதினொண்ணையும் தொறங்க. நான் சொல்றேன். ருசி எப்படித் தெரியும்னு கேட்டீங்கல்ல? குடிச்சிருக்கேன். பதினெட்டு வருசம் வண்டல் குடிச்சிருக்கேன். போத்தல் போத்தலா மேல இருந்தத யாரோ குடிச்சாங்க, கீழ இருந்தத நான் குடிச்சேன். போதுமா? இப்பப் போடுங்க டெலிபோன.”

சத்தம் கேட்டு முன்பக்கத்திலிருந்து கம்பெனித் துரை வந்துவிட்டார். சிவந்த முகம், உயரமான ஆள். கிராணி இங்கிலீஷில் வேகமாகச் சொன்னார். பட்லர் இங்கிலீஷ் எனக்கும் தெரியும். குடிகாரன் என்ற சொல் அதில் இருந்தது. துரை என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு உள்ளே போய், தாமே இரண்டு கிளாஸில் வைன் ஊற்றிக்கொண்டு வந்தார். சுவர்ப் போத்தல் ஒன்று, கீழ் அறையில் படுக்கவைத்தது ஒன்று. எது எது என்று சொல் என்றார்.

நான் குடிக்கவில்லை. முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. வாசல் வெளிச்சத்துக்கு நேரே இரண்டு கிளாஸையும் தூக்கினேன், ஒன்றில் என் விரல் சிவப்பாகத் தெரிந்தது. அதைத் துரை பக்கம் நகர்த்தி, “இது நல்லது. அத ஊறுகாய்க்கு ஊத்துங்க” என்றேன்.

துரை இரண்டையும் குடித்துப் பார்த்தார். ஒன்றைச் சாக்கடையில் துப்பினார். கிராணியைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை சொன்னார், அதை நான் எழுத மாட்டேன். கீழ் அறையிலிருந்து பன்னிரண்டு போத்தல் வந்தது. தக்கை எல்லாம் கழுத்துக்குச் சமமாக உட்கார்ந்திருந்தது. ஒவ்வொன்றாகப் பார்த்து வைக்கோலில் படுக்கவைத்தேன். அப்புறம்தான் கையெழுத்துப் போட்டேன்.

நான் ஜெயித்துவிட்டேன் என்று வாசகர்கள் நினைக்கலாம். பெட்டியைத் தூக்கும்போது கம்பெனித் துரை என் தோளைத் தட்டி, அவருக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்:

“கெட்டிக்கார பட்லர். ஒன் துரைக்கு நான் டெலிபோன் பண்றான். இவன் வைன் நல்லா தெரிஞ்ச ஆள், அப்படிச் சொல்றான்.”

“வேண்டாங்க துரை.”

“சொல்றான், சொல்றான். வெக்கம் வேணாம்.”

அவருக்கு அது பாராட்டு. கிராணி பென்சிலைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். அவருக்கு மட்டும் புரிந்தது. சிரிக்கவில்லை, அதற்காவது நன்றி.

போகும்போது அவரிடம் கேட்டேன், அந்தச் சுவர்ப் போத்தல்களை என்ன செய்வீர்கள் என்று.

“என்ன செய்ய? உள்நாட்டுத் தோட்டத்துல இருந்து யாராச்சும் வருவாங்க. எல்லாரும் ஒன்ன மாதிரியா?”

சந்தில் வந்து பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன். எனக்கு முன்னால் இருந்த பட்லரை நினைத்தேன். அவன் பெயர்கூட எனக்குச் சரியாகத் தெரியாது. அவனும் இந்தச் சந்து வழியாகத்தான் வந்திருப்பான். நின்றிருந்த போத்தல்களை வாங்கி, கையெழுத்துப் போட்டு, ஒன்றும் தெரியாமல் கொண்டுபோய் ஊற்றியிருப்பான். தெரிந்திருந்தாலும் சொல்லியிருக்க முடியாது. அவன் களவாணி என்று ஆயா சொன்னதை நானும் பதினெட்டு வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன்.

இதைப் படிக்கிறவர்களில் பட்லர்மார் யாராவது இருந்தால் அவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். தக்கை மேலே எழும்பிய போத்தலை வாங்காதீர்கள். நின்ற போத்தலை வாங்காதீர்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். இதையெல்லாம் தெரிந்துகொள்ள ஒரு சொட்டும் குடித்திருக்க வேண்டியதில்லை. யார் கேட்டாலும் அப்படியே சொல்லுங்கள். எனக்கு அந்தப் பதில் சந்துக்கு வந்த பிறகுதான் தோன்றியது.

புதன்கிழமை, காலை ஆறரை மணி

சுங்கை பினாங்கு வீட்டில் பெட்டியை மண் தரையில் வைத்து ஈரச் சாக்கைப் போர்த்தியிருந்தேன். வீட்டுக்கார அக்கா, “என்ன தம்பி, பிள்ளைக்குப் போத்தற மாதிரி போத்துறே” என்று கேலி செய்தார். விடியலில் முதல் படகு. கடல் காற்று குளிர்ந்திருந்தது. பெட்டியை இஞ்சின் பக்கம் வைக்காமல் நிழல் பக்கம் வைத்து, மேலே சாய்ந்து உட்கார்ந்தேன். பின்னால் கொடிமலையில் மேகம் உட்கார்ந்திருந்தது. அங்கே மேலே கம்பளி போர்த்திப் படுக்கிற குளிராம். பினாங்கில் வைனை வைக்க நல்ல இடம் அதுதான் என்று தோன்றியது. அங்கே யாரும் கிடங்கு கட்ட மாட்டார்கள், பங்களாதான் கட்டுவார்கள்.

பினாங்கு பெரிய ஊர், எங்கள் தோட்டம் சின்ன இடம். அங்கே முன்வாசலும் சந்தும் இருக்கின்றன, இங்கே மேசையும் கதவும். வேறு வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. ஆனால் மேலே தெளிந்தது என்ன ருசி என்று இப்போது எனக்குத் தெரியும். இனி வண்டலைக் குடித்து அதை வைன் என்று சொல்லிக்கொள்ள என்னால் முடியாது. அந்த ஒரு கிளாஸ் எனக்கு அந்த நஷ்டத்தையும் செய்துவிட்டது.

பதினொன்றரை மணிக்குப் பங்களா சேர்ந்தேன். துரை பன்னிரண்டு போத்தலையும் பார்த்தார். ஒன்றும் கெடவில்லை என்றார். டெலிபோன் வந்ததா என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மறுநாள், வியாழக்கிழமை, காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு துரை வைன் அலமாரிச் சாவியைக் கேட்டார். கொடுத்தேன். இனிமேல் போத்தலில் மிஞ்சும் வண்டலைத் தமக்கு முன்னாலேயே சாக்கடையில் ஊற்றிவிட வேண்டும் என்றார். சரிங்க துரை என்றேன். பிறகு மேசையைத் துடைத்தேன்.